'நான் யார்' என்று உள்ளே பார்ப்பது எப்படி: ரங்கூனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு ஒரு குழப்பம் தவறாமல் வரும். அனவ்ரதா சாலையில் 1871-ல் நம் ஆட்கள் கட்டிய காளி கோயிலுக்குப் போனால், உடம்பு அழியும், ஆன்மா அழியாது, அந்த ஆன்மாவை அறிந்துகொள் என்று சொல்லித் தருகிறார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் சூலே பகோடா. அந்தப் பக்கம் கேட்கிற உபதேசமோ அனெய்சா, டொக்கா, அனத்தா. அதாவது எதுவும் நிலையில்லை, எல்லாம் துக்கம், 'நான்' என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டில் தேவாரமும் வெளியில் பாலி மொழிச் சூத்திரமும் கேட்டு வளர்ந்த எனக்கு, இருக்கிற ஒன்றைத் தேடுவதா, இல்லாத ஒன்றை இல்லை என்று தெரிந்துகொள்வதா என்பதே முப்பது வயது வரை புரியவில்லை.

என் தொழில் பயறு. பயின்னாங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் பார்த்து விலை பேசிவிடும் தரகன். 16 வருடமாகக் காலையில் உட்கார்ந்து பழகுகிறேன். இதில் எனக்குப் பிடிபட்டதை, எங்கெங்கே வழுக்கியது என்பதையும் சேர்த்து, படிப்படியாக எழுதுகிறேன். நான் குரு இல்லை. இந்த வரப்பில் கொஞ்ச தூரம் முன்னால் போனவன் திரும்பிப் பார்த்துப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதற்காக என்று உண்மையைச் சொல்லுங்கள்

விபாசனா தியானம் சொல்லிக் கொடுத்த சத்திய நாராயண கோயங்காவை நிறையப் பேருக்குத் தெரியும். 1924-ல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. மருந்துக்கு அடங்காத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின் பிக்கு இல்லை, அரசாங்கத்தின் கணக்குத் துறைத் தலைவர், வேலையில் இருந்துகொண்டே தியானம் சொல்லிக் கொடுத்தவர். தலைவலியைப் போக்கிக்கொள்ளத்தான் வருகிறாய் என்றால் வராதே என்று முதலில் மறுத்துவிட்டாராம். பிறகு கோயங்கா 14 வருடம் அவரிடம் பழகி, 1969-ல் இந்தியாவுக்குப் போய் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தூக்கம் வரவில்லை, கோபம் அதிகம், வியாபாரத்தில் நஷ்டம் என்று நாமும் ஒரு தலைவலியோடுதான் கிளம்புகிறோம். அதில் தப்பில்லை, ஆனால் அதோடு நின்றால் தலைவலி போனதும் பாயைச் சுருட்டி வைத்துவிடுவோம். ஒரு நோட்டை எடுத்து, நான் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்று கேட்டு, வருகிற பதிலை அப்படியே எழுதுங்கள். 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்று வந்தாலும் போதும். நான் எழுதியது, 'அப்பா செத்துப்போனார். நானும் சாவேன். அதற்கு முன்னால் சாவது எது என்று தெரிய வேண்டும்.' அந்தத் தாள் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பல் துலக்கி, ஒரு பாய், அதன் மேல் மடித்த போர்வை. சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், முதுகு நேராக இருந்தால் சரி. கரண்டு இருக்குமா இருக்காதா என்று பார்க்க வேண்டாம், இதற்கு விளக்குத் தேவையில்லை. முதலில் 20 நிமிடம், ஒரு மண்டலம், அதாவது 48 நாள். கூட்டுவதும் குறைப்பதும் அப்புறம். ஒரே இடம், ஒரே நேரம் என்பது மட்டும் முக்கியம்.

மூன்றாம் படி: மனத்தைக் கொஞ்சம் நிற்க வைப்பது

இங்கேதான் நாம் பர்மாவில் பிறந்தது பெரிய கொடுப்பினை என்று நினைக்கிறேன். ஓடுகிற மனத்தோடு 'நான் யார்' என்று கேட்டால், கேள்வியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது ஓடிவிடும். மனத்தை நிற்க வைக்கும் பயிற்சியை இந்த ஊர் அளவுக்குச் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிட்ட ஊர்கள் குறைவு. லெடி ஸெயாடோ (ஸெயாடோ என்றால் மூத்த பிக்கு) காலத்திலிருந்து இது மடத்துக்குள் மட்டும் இல்லை, கடை வைத்திருப்பவனும் கற்றுக்கொள்ளலாம்.

நான் கற்றது மஹாசி ஸெயாடோ என்ற இன்னொரு பர்மியப் பிக்குவின் முறையில். ஒரு திங்யான், அதாவது பர்மியப் புத்தாண்டு விடுமுறை. ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு பர்மிய நண்பன் என்னைத் தியான மையத்துக்கு அழைத்துப் போனான். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் மெதுவாக நடக்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும், பகல் 12 மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. செய்ய வேண்டியது ஒன்றுதான். மூச்சு உள்ளே வரும்போது வயிறு உப்புகிறது, அதைக் கவனித்து மனத்துக்குள் 'பௌங் தெ', உப்புகிறது. வெளியே போகும்போது ஒடுங்குகிறது, 'பெய்ன் தெ'. மனம் ஓடினால் ஓடுகிறது, வலித்தால் வலிக்கிறது, மறுபடி வயிறு. மூன்றாம் நாள் முழங்கால் நெருப்பாக எரிந்தது, கேட்டைத் தாண்டி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஐந்தாம் நாள் அதே வலியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அது ஒரே வலியாக இல்லை. ஒரு சூடு, ஒரு துடிப்பு, ஓர் இழுப்பு, நடுநடுவே ஒன்றுமே இல்லாத இடைவெளி. 'என் வலி' என்பது நான் அதன் மேல் ஒட்டிய சீட்டு.

வீட்டில் இதைத் தமிழிலேயே செய்யுங்கள். உப்புகிறது, ஒடுங்குகிறது. மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டாம். மனம் எத்தனை தடவை போனாலும் திட்டாமல் கூட்டி வாருங்கள், கைக்குழந்தை வாசல் வரை தவழ்ந்து போனால் தூக்கி வந்து உட்கார வைப்பதில்லையா, அது மாதிரி. மூன்று வாரம் இது மட்டும் போதும். அடுத்த படிக்கு அவசரப்பட்டவர்கள் பலர் ஆறு மாதத்தில் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: நான் அல்லாததைப் பிரித்து வைப்பது

மனம் கொஞ்சம் படிந்ததும், 20 நிமிடத்தில் கடைசி பத்தை இதற்கு ஒதுக்குங்கள். பயறு வியாபாரத்தில் மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் குத்தூசி வைத்திருப்போம். நுனி கூர்மையான, பக்கவாட்டில் வாய் திறந்த இரும்புக் குழாய். மேலாகப் பார்த்தால் எல்லா மூட்டையும் நல்ல மூட்டைதான், குத்தூசியை நடுவரைக்கும் செருகி இழுத்தால்தான் உள்ளங்கையில் கல்லும் மண்ணும் சொத்தைப் பயறும் வந்து விழும். இந்தப் படி அந்த வேலை.

உடம்பில் தொடங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உணருங்கள். கை எனக்குத் தெரிகிறது, அப்படியானால் தெரிந்துகொள்கிற நான் கைக்கு வேறு. அதே மாதிரி மூச்சு. பிறகு மனம், இதில்தான் கஷ்டம். ஒரு கவலை வருகிறது, வருவது தெரிகிறது, போவதும் தெரிகிறது. வந்து போகிற ஒன்றை வராமல் போகாமல் இருந்து பார்க்கிற ஏதோ ஒன்று இருக்கிறதே, கவனித்தீர்களா? அடுத்து புத்தி, இதைச் செய்யலாம் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது. அதுவும் தெரிகிறது. கடைசியாக, 'பார்த்தாயா, நான் எவ்வளவு நன்றாகத் தியானம் செய்கிறேன்' என்று ஒரு குரல் வரும். அதுவும் தெரிகிறது! அகங்காரத்தையும் ஒரு பொருளாகப் பார்க்க முடிகிற நாள் மறக்க முடியாத நாள்.

நம் சைவத்தில் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைத் தர்க்கமாகச் செய்து வைத்திருக்கிறார். உடம்பு ஆன்மா அல்ல, ஐம்புலன் அல்ல, மனம் புத்தி சித்தம் அகங்காரம் என்ற நான்கும் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். புத்தர் சாரநாத்தில் தன் முதல் ஐந்து சீடர்களுக்குச் செய்த இரண்டாவது உபதேசத்தில், உருவம், உணர்ச்சி, குறிப்பறிவு, மனப்போக்குகள், விஞ்ஞானம் (அதாவது அறிகிற உணர்வு) என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்னுடையது அல்ல, நான் அல்ல என்று பார்க்கச் சொல்கிறார். முடிவில் இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டையில் கல்லைப் பொறுக்குகிற வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

தூக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். நேற்று ராத்திரி அசந்து தூங்கியபோது உங்களுக்குப் பெயர் இல்லை, கடன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, மனமே இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து 'சுகமாகத் தூங்கினேன்' என்கிறீர்கள். நீங்களே இல்லாமல் போயிருந்தால் அந்தச் சுகத்தைச் சொல்வது யார்? பர்மியப் பண்டிதர்கள் இதை பவங்க சித்தம், அதாவது அடியில் ஓடிக்கொண்டிருக்கும் மனம் என்று வேறு மாதிரி விளக்குவார்கள், அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். எழுந்த முதல் ஒரு நொடியைக் கவனியுங்கள். பெயர், ஊர், இன்று கட்ட வேண்டிய பணம் எல்லாம் வந்து ஏறிக்கொள்வதற்கு முன்னால் வெறுமனே 'இருக்கிறேன்' என்று ஓர் உணர்வு இருக்கும். எனக்கு அது கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது, என் அக்காவுக்கு முதல் வாரமே கிடைத்தது.

ஐந்தாம் படி: கேள்வி

1896 ஜூலை. மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்குக் காரணமே இல்லாமல் மரண பயம் வருகிறது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சாவு வந்துவிட்டது, சாவு என்றால் என்ன, சாகிறது எது என்று பார்த்துவிடலாம் என்று, கை கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம் மாதிரி படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். இந்த உடம்பு செத்துவிட்டது, இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள், அப்போது நானும் செத்தேனா? செத்த உடம்புக்கு அப்பால் 'நான்' என்பது சொல்லாக இல்லாமல் நேரடியாக விளங்கிக்கொண்டிருந்தது. அதே வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி அவன் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான், 1950-ல் உடம்பு போகும் வரை அந்த மலையை விட்டு நகரவில்லை. உலகம் அவனை ரமண மகரிஷி என்றது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர் போய் 'நான் யார்' என்று ஆரம்பித்துக் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் இந்தப் படிக்கு ஆதாரம்.

உட்காருங்கள். வயிற்றைக் கவனித்து மனம் அடங்கட்டும். ஓர் எண்ணம் வரும், 'இன்றைக்கு டாலர் விலை என்ன' என்பது போல. அதைத் தொடரவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். இந்த எண்ணம் யாருக்கு வந்தது? எனக்கு. சரி, அந்த நான் யார்? அவ்வளவுதான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், 'எனக்கு' என்று உணர்ந்த அந்த இடத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பி வையுங்கள். எண்ணம் வெளியே பார்த்து நிற்கிறது, அது கிளம்பி வந்த வாசலை நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள். அப்போது எண்ணம் தானாகவே கரையும். சில நொடி ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்காது என்றாலும் நீங்கள் இருப்பீர்கள். அதில் நில்லுங்கள். அடுத்த எண்ணம் வந்ததும் மறுபடி.

இதில் தவறு செய்யும் இடங்களை விவரமாகச் சொல்ல வேண்டும், நான் இங்கேதான் நான்கு வருடம் வீணாக்கினேன். 'நான் யார், நான் யார்' என்று ஜபம் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் தேவாரம் ஓதுகிற பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்டார், "தம்பி, வீட்டுக்குள்ள யாரோ இருக்கிற மாதிரி சத்தம் கேட்டா, 'யாரு, யாரு'ன்னு நூற்றெட்டு தடவை சொல்லிட்டு வாசல்லயே நிப்பீங்களா, உள்ள போய்ப் பாப்பீங்களா?" "போய்ப் பார்ப்பேன் ஐயா." "அப்ப போய்ப் பாருங்க." கேள்வி கதவைத் திறக்க மட்டும். திறந்த பிறகு வேலை கண்ணுக்கு.

இன்னொரு தவறு, பதில் சொல்லிக்கொள்வது. நான் ஆன்மா, நானே பிரம்மம், நான் சச்சிதானந்தம் என்று உள்ளே ஒரு குரல் படித்ததை ஒப்பிக்கும். அதுவும் ஓர் எண்ணம்தான். அது யாருக்கு வந்தது? மூன்றாவது, ஒளியோ உருவமோ தெரியும் என்று எதிர்பார்ப்பது. தெரிகிற எதுவும் நீங்கள் இல்லை என்றுதானே நான்காம் படியில் பார்த்தோம். எவ்வளவு அழகான ஜோதி வந்தாலும் அதைக் காண்பது யார் என்று திரும்பத்தான் வேண்டும்.

'சும்மா இரு' என்று முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதாக நம் பெரியவர்கள் சொல்லும் அந்த இரண்டு சொல்லுக்கு இங்கே வந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது. சும்மா இருப்பது சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். அதை மாதிரி விழிப்பான வேலை வேறு கிடையாது.

ஆறாம் படி: பாயை விட்டு எழுந்த பிறகு

அவமானப்படும் நேரத்தைப் போல 'நான்' தெளிவாக அகப்படும் நேரம் வேறு இல்லை. ஒருநாள் சந்தையில், பல வருடப் பழக்கம் உள்ள ஒரு வியாபாரி, நான் காட்டிய சாம்பிளும் வந்து இறங்கிய உளுந்தும் வேறு என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். காது மடல் சூடானது, தொண்டையில் ஒரு சொல் வந்து முட்டி நின்றது. 'என்னையா?' அந்த ஒரு கணத்தில் பழக்கம் கை கொடுத்தது. யாரை? அந்த 'என்னை' எங்கே இருக்கிறது? தேடினால் நெஞ்சில் ஒரு சூடு இருந்தது, தொண்டையில் ஓர் இறுக்கம் இருந்தது, 16 வருடத் தரகன் என்ற பெயர் இருந்தது. எல்லாம் தெரிந்தது, ஆனால் அடிபட்ட ஆளை மட்டும் காணோம். மூன்று நொடி இருக்கும். "குத்தூசியைக் கொடுங்கண்ணே, பார்ப்போம்" என்றேன். செருகி இழுத்தால் அவர் சொன்னதுதான் சரி, எங்கள் கிடங்கில் வேறு லாட் மூட்டையை ஏற்றிவிட்டிருந்தார்கள். மாற்றிக் கொடுத்தோம். பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கு ஒரு நட்பு முறிந்திருக்கும்.

அதனால் ஒரு நாளில் மூன்று தருணத்தைப் பிடியுங்கள். ஒருவர் உங்களைக் குறை சொல்லும்போது, ஒருவர் புகழும்போது, காத்திருக்கும்போது. பஸ்ஸுக்கோ, தேநீர்க் கடையில் லெபெயே (பர்மியத் தேநீர்) வருவதற்கோ காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் போனை எடுக்காமல், காத்திருப்பது யார் என்று பாருங்கள்.

வழியில் வரும் தொல்லைகள்

தூக்கம் முதலாவது. தலை தொங்கினால் தூக்கம் என்று தெரிந்துவிடும், தலை நேராக இருந்தபடியே மனம் இனிமையாக மங்கிக் கிடப்பதுதான் ஏமாற்றும். ரமணர் இதை மனோலயம் என்று தனியாகப் பிரித்து எச்சரித்திருக்கிறார். அமுக்கி வைத்த மனம் எழுந்ததும் பழையபடியே எழும். அரை மணி நேரம் நல்ல அமைதி என்று எழுந்து, அடுத்த நிமிடமே மனைவியிடம் எரிந்து விழுந்தால், அது லயம். முகத்தைக் கழுவிவிட்டு உட்காருங்கள், அல்லது எழுந்து நடந்து பழகுங்கள்.

அடுத்தது கர்வம். 'இவர்கள் எல்லாம் மனத்தில் உழல்கிறவர்கள்' என்று வீட்டாரைப் பார்க்கத் தோன்றும். அதுவும் ஓர் எண்ணம், யாருக்கு வந்தது என்று பாருங்கள்.

பயம் சிலருக்கு வரும். நான் கரைந்துவிடுவேனோ என்று உடம்பு நடுங்கும். கண்ணைத் திறந்து, தரையைத் தொட்டு, மூச்சைக் கவனித்தால் அடங்கும். ஆனால் நாள் முழுக்க உலகம் கனவு மாதிரி தெரிகிறது, பல நாள் தூக்கம் இல்லை, குரல் கேட்கிறது, வாழப் பிடிக்கவில்லை என்றால் பயிற்சியை அன்றே நிறுத்தி மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஆன்மிக அனுபவம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும், நாள்கணக்கில் மௌனமாக உட்காரும் முகாம்களுக்கு அவர்கள் அவசரப்பட்டுப் போகவே கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

குருவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பணம் கேட்பவரையும், நாள் குறித்து ஞானம் தருவதாகச் சொல்பவரையும், குடும்பத்தை விட்டு வா என்பவரையும் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆன்மாவா, அனத்தாவா

ஆரம்பத்தில் சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். அத்வைதம் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்கிறது. சைவ சித்தாந்தம் பசு (உயிர்) வேறு, பதி (இறைவன்) வேறு, பிரியாமல் கலந்து நிற்கிறது என்கிறது. பௌத்தம் ஆன்மா என்று பிடிக்க ஒன்றும் இல்லை என்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று பூசி மெழுகுவது மூன்றுக்கும் செய்கிற அவமரியாதை. பல வருடத்துக்கு முன் தியான மையத்தில் இருந்த வயதான பொங்ஜியிடம், அதாவது பிக்குவிடம், கேட்டேவிட்டேன். "ஃபயா (சுவாமி), 'நான்' இல்லை என்கிறீர்கள். எங்கள் பெரியவர்கள் 'நான்' யார் என்று பார் என்கிறார்கள். நான் எதைச் செய்ய?" அவர் என் தொழிலைக் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தகாஜீ (பிக்குகள் இல்லறத்தாரை அழைக்கும் சொல்), பயற்றில் கல் பொறுக்குவாய் அல்லவா? பொறுக்கி முடிப்பதற்கு முன்னாலேயே மூட்டையில் மிச்சம் என்ன இருக்கும் என்று சண்டை போடுவாயா? முதலில் பொறுக்கு. முடிந்ததும் என்ன மிச்சம், ஒன்றும் இல்லையா என்று வந்து எனக்குச் சொல்." அவர் இப்போது இல்லை, நான் இன்னும் பொறுக்கி முடிக்கவில்லை.

இன்று காலை உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்கும், கரண்டு போனது. மின்விசிறி ஓய்ந்ததும் ஒரு கணம் சுத்தமான நிசப்தம், பிறகு கீழ்க்கடை ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்கள், சுவரே அதிர்ந்தது. சனியன் என்று ஓர் எண்ணம் எழுந்தது. யாருக்கு? எனக்கு. அந்த நான்? ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, டீசல் வாசனை மேலே வந்தது, வயிறு உப்பியது, ஒடுங்கியது. சத்தம் இருந்தது, அது கேட்பதும் இருந்தது, நடுவில் எரிச்சல்பட ஆள் இல்லை. ஐந்தரைக்குக் கண்ணைத் திறந்து, பாயைச் சுருட்டிவிட்டு, குத்தூசியைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன்.